பன்னிரண்டாவது ஓட்டு

ஆர்லோ ஹாஸ்கின்ஸ் தோற்றுப்போக வேண்டும் என்று நான் நான்கு முறை ஆசைப்பட்டிருக்கிறேன். நான்கு முறையும் தோற்றார். ஐந்தாவது முறையும் ஆசைப்பட்டேன். அந்த முறை என் ஆசையை யாரும் சட்டை செய்யவில்லை.

இப்படி எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தால் நான் அவருக்கு ஏதோ பரம விரோதி போலத் தெரிகிறது. உண்மை அதற்கு நேர்மாறு. கூப்பர்ஸ்டவுனில் அவருக்கு நெருக்கமான ஆள் என்று ஒருவரைக் காட்டச் சொன்னால் எல்லோரும் என்னைத்தான் காட்டுவார்கள். மெயின் தெருவில் என் கடை இருக்கிறது. அக்காவும் தம்பியுமாக நானும் டெக்ஸ்டரும் நடத்துகிறோம். பழைய பேஸ்பால் சாமான்கள்: ஆட்டக்காரர் படம் போட்ட அட்டைகள், பந்துகள், கையுறைகள், யாரோ எப்போதோ வியர்வை சிந்திய சட்டைகள். எங்கள் கடையிலிருந்து நாலு வாசல் தள்ளி பேஸ்பாலின் புகழ் மண்டபம். ஊரில் எல்லோருக்கும் அது வெறும் ஹால்.

ஜூலை கடைசியில், ஹாலில் புதியவர்களைச் சேர்க்கும் வாரத்தில், இரண்டாயிரம் பேர் வாழும் இந்த ஊரில் கால் வைக்க இடம் இருக்காது. அந்த வாரம் பழைய ஆட்டக்காரர்கள் வந்து கடைகளுக்கு முன்னால் மேஜை போட்டு உட்காருவார்கள். பணம் கொடுத்தால் கையெழுத்து. ஹாலுக்குள் இடம் பிடித்தவர்களிடம் வரிசை நீளம், விலையும் நீளம். இடம் பிடிக்காதவர்களிடம் இருபது, இருபத்தைந்து டாலர். ஆர்லோ இரண்டாவது வகை. இடதுகைப் பந்துவீச்சாளர். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் பதினைந்து வருடம், தோற்பதற்கென்றே அமைந்த அணிகளில் வீசியவர். நல்ல அணியில் இருந்திருந்தால் எப்போதோ உள்ளே போயிருப்பார் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். விவரம் தெரிந்தவர்களுக்கு ஓட்டு கிடையாது.

பத்தொன்பது ஜூலைகள் அவர் என் கடை முன்னால் உட்கார்ந்தார். புதன் முதல் திங்கள் வரை, ஆறு நாள். வருகிறவர்கள் அவரைப் பார்த்துவிட்டுத் தயங்கி, நீங்கள் ஹாலில் இருக்கிறீர்களா என்று கேட்பார்கள். நாலு வாசல் பாக்கி இருக்கிறது என்பார். அவர்கள் சிரித்துவிட்டுப் பந்தை நீட்டுவார்கள். பாதிப் பேரிடம் காசு வாங்கமாட்டார். பெட்ரோல் போட்டுக்கொண்டு வந்ததே பெரிது என்று அனுப்பிவிடுவார்.

கூட்டம் இல்லாத நேரங்களில் நானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வேன். பேஸ்பால் பேசமாட்டோம். என் முழங்கால் பற்றிக் கேட்பார். தன் மகள் மார்சி வாங்கிய நாய் படியேறப் பயப்படுவதைப் பற்றிச் சொல்வார். எதிர்க்கடை பெண்மணி எந்த நிறத்தில் தொப்பி போட்டுக்கொண்டு வருவாள் என்று காலையில் பந்தயம் கட்டுவோம். சில சமயம் அரைமணி நேரம் ஒன்றுமே பேசாமல் இருப்போம். என் வீட்டிலும் நான் அரைமணி நேரம் ஒன்றும் பேசாமல்தான் இருக்கிறேன், ஆனால் அது வேறு.

இதில் காதல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். அதற்கு ஒரு பெயராவது உண்டு. எனக்கு ஐம்பத்தெட்டு வயது, அவருக்கு எண்பத்து மூன்று. வருடத்தில் ஆறு நாள் எனக்கு ஒரு துணை இருந்தது, மற்ற நாட்களை அந்த ஆறு நாட்களுக்கு முன், பின் என்று பிரித்துக்கொண்டு வாழ்ந்தேன். அவ்வளவுதான்.

அவர் ஜெயித்துவிட்டால் அந்த ஆறு நாள் போய்விடும். அது எனக்குத் தெரியும், ஏனென்றால் தெருவில் மற்றவர்களுக்கு நடந்ததைப் பார்த்திருக்கிறேன். புதிதாக ஹாலில் சேர்பவரை ஏரிக்கரை ஹோட்டலில் தங்கவைப்பார்கள். திறந்த வண்டியில் தெருவில் ஊர்வலம் விடுவார்கள். கையெழுத்துக்கென்று ஏதாவது ஒரு பெரிய கம்பெனி ஒப்பந்தம் போட்டு, கூடாரத்தில் உட்காரவைத்து, தலைக்கு நூற்றைம்பது டாலர் வாங்கும். பழைய மேஜைக்குத் திரும்பி வருபவர்களும் உண்டு, அடுத்த வருடம். ஆனால் எண்பத்து மூன்று வயதுக்காரர் விஷயத்தில் அடுத்த வருடம் என்று எதை நம்பிச் சொல்வது?

பழைய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்க பதினாறு பேர் கொண்ட ஒரு குழு சில வருடங்களுக்கு ஒருமுறை டிசம்பரில் கூடும். பன்னிரண்டு ஓட்டு வேண்டும். ஆர்லோவுக்கு முதலில் ஐந்து, பிறகு எட்டு, பிறகு ஒன்பது, கடைசியாகப் பதினொன்று கிடைத்திருந்தது. ஒவ்வொரு முறையும் அறிவிப்பு வந்த மறுநாள் நான் ஃபோன் செய்து ஆறுதல் சொல்வேன். ஆப்பிளை மாவில் பொதிந்து என் கையால் சுட்ட ஆப்பிள் பை ஒன்றைத் தபாலில் அனுப்புவேன்.

ஐந்தாவது முறை, அக்டோபரிலேயே பேச்சு கிளம்பிவிட்டது. குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்ததும், அதில் மூன்று பேர் ஆர்லோவுடன் ஆடியவர்கள் என்று தெரிந்ததும், விலை நகர ஆரம்பித்தது. எங்கள் தொழிலில் செய்திக்கு விலை கிடையாது, செய்தி வரப்போகிறது என்பதற்குத்தான் விலை. இருபது வருடமாக இருபத்தைந்து டாலரில் தூங்கிக்கொண்டிருந்த அவருடைய பந்து நவம்பரில் அறுபதுக்குப் போனது. அவருடைய முதல் வருட அட்டை, கிழிந்த மூலையோடு, எங்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் ஆறு டாலர் சீட்டோடு மஞ்சளாகிக்கொண்டிருந்தது. அதை ஒருவர் ஐம்பதுக்குக் கேட்டார். அறிவிப்புக்கு முந்தின வாரம் பந்து நூற்றுப் பத்து.

எங்களிடம் பெட்டி பெட்டியாக இருந்தது. பத்தொன்பது ஜூலைகளில் அவர் ஒவ்வொரு திங்கட்கிழமை மாலையும், வாடகை என்று சிரித்துக்கொண்டே, கடைக்காகக் கொஞ்சம் பந்துகளில் எழுதிவைத்துவிட்டுப் போவார். டெக்ஸ்டர் அந்தப் பெட்டிகளைக் கீழ்த்தளத்திலிருந்து மேலே கொண்டுவந்து, கவுண்டருக்குப் பின்னால் அடுக்கி, என் முகத்தைப் பார்த்தான்.

"அக்கா, இப்ப வித்தாத்தான் காசு. அறிவிச்சுட்டாங்கன்னா நாட்டுல அவரு கையெழுத்து தூங்கற அத்தன மேஜ டிராயரும் தொறந்துரும்."

"ஜெயிச்சா இன்னும் ஏறும்டா."

"ரெண்டு நாள் ஏறும். அப்புறம்? அந்த மனுஷன் யாருக்குத்தான் கையெழுத்து போடல? நம்ம தபால்காரருக்கே ரெண்டு தடவ போட்டிருக்காரு, ஒரு தடவ பார்சல் ரசீதுல."

அவன் சொன்னது சரி. அரிதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சீக்கிரம் செத்துப்போனவர்கள்தான் எங்கள் தொழிலின் தெய்வங்கள். யாரையும் வெறுங்கையோடு அனுப்பாதவர்களால் எங்களுக்கு லாபம் குறைவு. ஆனாலும் நான் வேண்டாம் என்றேன். முன்னாலேயே விற்றால் அவர் ஜெயிப்பார் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை என்று ஆகிவிடும், அவர் காதுக்குப் போனால் என்ன நினைப்பார் என்றேன். டெக்ஸ்டர் என்னை ஒரு புண்ணியவதியைப் பார்ப்பதுபோல், அதாவது எரிச்சலோடு, பார்த்தான்.

நான் சொன்னது பொய். சொல்லும்போதே தெரிந்தது. இரவெல்லாம், பன்னிரண்டாவது ஓட்டு விழக்கூடாது, விழக்கூடாது என்று மனதுக்குள் ஒருத்தி முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். அவளுக்கு அபராதம் விதிப்பதற்காகத்தான் நான் பெட்டிகளைப் பூட்டினேன். விற்காமல் வைத்திருந்து அவர் ஜெயித்தால் எனக்கு நஷ்டம். அந்த நஷ்டத்துக்குத் தயார் என்றால் நான் அவர் பக்கம்தான் என்று ஆகிவிடும் அல்லவா. இப்படி ஒரு கணக்கு. நல்லவளாக இருப்பதைவிட நல்லவளாக இருந்ததற்கு ரசீது வாங்குவதில் எனக்கு அக்கறை அதிகம் என்று அப்போதுதான் புரிந்தது. புரிந்தும் பெட்டியைத் திறக்கவில்லை.

டிசம்பர் முதல் ஞாயிறு, மாலை. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. கடையிலேயே தொலைக்காட்சியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஆர்லோ ஹாஸ்கின்ஸ் என்று வாசித்தார்கள். சரியாகப் பன்னிரண்டு. டெக்ஸ்டர் விசில் அடித்து என்னைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, அதே வேகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தான். நூற்றெண்பது, அக்கா, நூற்றெண்பது என்றான். நான் பின்னறைக்குப் போய், கழுவி வைத்திருந்த காபிக் கோப்பைகளை மறுபடி கழுவினேன்.

ஏழு மணிக்கு ஆர்லோவே அழைத்தார். பின்னால் மார்சி அழுதுகொண்டிருந்தாள், நாய் குரைத்துக்கொண்டிருந்தது. பார்த்தாயா என்று கேட்டார். பார்த்தேன் என்றேன். ரொம்ப சந்தோஷம் என்றேன். என் குரல் எனக்கே யாரோ ரேடியோவில் வாசிப்பதுபோல் இருந்தது. உடம்பு சரியில்லையா என்று கேட்டார். சளி என்றேன்.

மறுநாளும் அதற்கடுத்த நாளும் டெக்ஸ்டர் கொஞ்சம் விற்றான். புதன்கிழமை நாட்டின் டிராயர்கள் திறந்தன. ஒஹையோவில் ஒரு பல் மருத்துவரிடம் நாற்பது பந்து. டூசானில் ஒரு பள்ளிக்கூடம் முழுக்க, ஒரே நாளில் எழுதிக்கொடுத்தது. முடிதிருத்தும் கடைகளின் சுவரில், மீன்பிடிப் படகின் பக்கவாட்டில், ஒரு பெண்ணின் முறிந்த காலுக்குப் போட்ட மாவுக்கட்டில் (அதை அவள் முப்பத்தைந்து வருடமாக வைத்திருந்தாள்), எல்லாவற்றிலும் அதே சாய்ந்த, பொறுமையான எழுத்து. கிறிஸ்துமஸுக்குப் பந்து நூறு. பிப்ரவரியில் ஐம்பது. டெக்ஸ்டர் என்னைத் திட்டவில்லை. பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கீழ்த்தளத்துக்கு இறக்கினான், ஒவ்வொரு படியிலும் தேவைக்கு அதிகமாகச் சத்தம் வரும்படி.

ஏப்ரலில் ஆர்லோ வந்தார். புதிதாகத் தேர்வானவர்களை வசந்தத்தில் ஒருநாள் வரவழைத்து, அவர்கள் முகம் பொறித்த வெண்கலப் பலகை எந்தச் சுவரில் வரும் என்று காட்டுவது ஹாலின் வழக்கம். அதை முடித்துக்கொண்டு, தெருவோரத்து அழுக்குப் பனியைக் கைத்தடியால் குத்திப் பார்த்துக்கொண்டே நடந்து வந்தார். டெக்ஸ்டர் சாப்பிடப் போயிருந்தான். ஆர்லோ கோட்டுப் பையிலிருந்து மடித்த காகிதங்களை எடுத்துக் கண்ணாடிப் பெட்டியின்மேல் வைத்தார்.

"படிச்சுப் பாரு. கூடாரக் கம்பெனிக்காரங்க அனுப்பியிருக்காங்க."

படித்தேன். தொகை பெரிய தொகை. அவருடைய ஓய்வூதியம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும்; மார்சியின் வீட்டில் மாடிப்படி ஏறி இறங்குவது நாயைவிட அவருக்குத்தான் கஷ்டம் என்பதும் தெரியும். இந்தத் தொகையில் கீழேயே ஓர் அறையும் குளியலறையும் கட்டிவிடலாம். பதிலுக்கு, ஜூலையில் அந்தப் புதன் முதல் திங்கள் வரை, ஊரில் வேறு எந்த இடத்திலும், பணத்துக்கோ இனாமாகவோ, அவர் எதிலும் எழுதக்கூடாது.

"சும்மாகூட போடக்கூடாதாம்," என்றார். "ஹோட்டல்ல ஒரு புள்ள காபி கொண்டாந்து வெச்சுட்டு நாப்கின நீட்டுச்சுன்னா, மாட்டேன்னு சொல்லணுமாம். அறுபது வருஷமா நான் அப்படிச் சொன்னதே இல்ல." பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, தடியை இரண்டு முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்திக்கொண்டார். "நீ சொல்லும்மா. வியாபாரம் தெரிஞ்சவ நீதான். வேண்டாம்னா வேண்டாம். எப்பவும் போல இங்கயே உக்காந்துக்கறேன்."

ஒரே ஒரு சொல். அதை நான் சொல்லியிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்தக் கூடாரத்தில் வெயில் தாங்காது, கூட்டம் உங்களைப் பிழிந்துவிடும், இந்த வயதில் எதற்கு என்று அக்கறையாகவே சொல்லியிருக்கலாம். அந்த வாக்கியங்கள் என் வாயில் தயாராக இருந்தன, ஒன்றன்பின் ஒன்றாக, நல்ல துணி உடுத்திக்கொண்டு. அவை அவ்வளவு சீக்கிரம் தயாரானதுதான் எனக்கு பயமாக இருந்தது.

"போடுங்க, ஆர்லோ," என்றேன். "இந்த ஒரு வருஷம்தான் உங்க கைக்கு இந்த வெல. அடுத்த ஜூலைல புதுசா நாலு பேர் வந்துருவாங்க."

"அப்ப நான் மலிஞ்சு போயிருவேன்."

"போயிருவீங்க. ஏற்கனவே பாதி மலிஞ்சாச்சு."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் எனக்குள் ஏதோ கழன்றது. யாரிடமும் சொல்வேன் என்று அதுவரை நினைத்திராத ஒன்றைச் சொன்னேன்.

"நீங்க ஜெயிக்கக் கூடாதுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். ஒவ்வொரு தடவையும்."

அவர் ஒப்பந்தத்தின் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். "தெரியும்," என்றார்.

"என்ன தெரியும்?"

"நான் தோத்த மறுநாள் நீ ஃபோன் பண்ணுவ இல்ல? இந்தப் பக்கம் எம் பொண்ணு மூக்கச் சிந்திக்கிட்டிருப்பா. உன் குரலக் கேட்டா லாட்டரி விழுந்தவ மாதிரி இருக்கும். அப்புறம் ஆப்பிள் பை வேற வரும். துக்கத்துக்கு வர்ற பை மாதிரியா இருக்கும் அது? மேல மாவுல பூவெல்லாம் வெச்சிருப்ப."

நான் கண்ணாடிப் பெட்டியைத் துடைக்க ஆரம்பித்தேன். துணி கையில் இல்லை, வெறும் உள்ளங்கையால்.

"கோவம் வரலயா உங்களுக்கு?"

"மொத தடவ வந்துச்சு. மார்சிகிட்ட கூட சொல்லல. ரெண்டாவது தடவ, சரி, நான் தோத்ததுல ஒருத்தியாவது சந்தோஷமா இருக்காளேன்னு தோணுச்சு. பதினொரு பேர் ஓட்டுப் போட்டுத் தோத்தப்ப நெசமாவே அந்தப் பைதான் எனக்குத் தெம்பு." பேனா வேண்டும் என்று கையை நீட்டினார். "ஜெயிச்ச அன்னிக்குத்தான் பயந்துட்டேன். உன் குரலக் கேட்டு யாரோ செத்துட்டாங்கன்னு நெனச்சேன்."

பேனாவைக் கொடுத்தேன். இத்தனை வருடம் நான் யாருக்கும் தெரியாமல் கீழ்த்தளத்தில் பூட்டிவைத்திருந்ததாக நினைத்த ஒன்றை, அவர் ஒவ்வொரு ஜூலையும் வந்து பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். அவமானமாக இருக்கவேண்டும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பசிதான் வந்தது. அவர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார், பந்தில் எழுதுவதைப்போலவே, ஓர் எழுத்துக்கும் அவசரப்படாமல். பிறகு இருவரும் எதிரே போய் சூப் குடித்தோம்.

ஜூலை வந்தது. என் கடை முன்னால் மேஜை போடவில்லை. அந்த இடத்தில் டெக்ஸ்டர் ஐஸ் பெட்டியை வைத்துத் தண்ணீர் விற்றான். பந்துகளைவிட அதில் வரவு அதிகம் என்று எனக்குக் கேட்கும்படி சொன்னான். வழக்கமாக வருகிறவர்கள் வந்து, ஆர்லோ எங்கே என்று கேட்டார்கள். நாலு வாசல் தாண்டிவிட்டார் என்று சொன்னால் போதுமானதாக இருந்திருக்கும். நான் கூடாரத்துக்கு வழி சொன்னேன்.

சனிக்கிழமை மதியம் கடையை டெக்ஸ்டரிடம் விட்டுவிட்டு, ஒரு புதுப் பந்தை எடுத்துக்கொண்டு நானும் போனேன். நூற்றைம்பது டாலர் கொடுத்துச் சீட்டு வாங்கினேன். வரிசை கூடாரத்தைச் சுற்றி, தேவாலயத்து வேலி வரை வளைந்திருந்தது. எனக்கு முன்னால் ஒரு பருத்த மனிதர், பின்னால் ஓர் அம்மாளும் அவர் தங்கையும். எழுபத்தொன்றில் ஒரு பெட்ரோல் பங்க்கில் ஆர்லோ தன் தொப்பியில் எழுதிக்கொடுத்தார் என்று பருத்த மனிதர் சொன்னார். அம்மாளுக்குத் திருமண அழைப்பிதழில். முன்னாலும் பின்னாலும் விசாரித்துக்கொண்டே நகர்ந்ததில், அந்த வரிசையில் ஆர்லோவின் கையெழுத்து ஏற்கனவே இல்லாத ஆள் ஒருவர்கூட அகப்படவில்லை. இப்போது பெயருக்குக் கீழே, ஹாலில் சேர்ந்தவர் என்று காட்டும் மூன்று ஆங்கில எழுத்தையும் வருடத்தையும் சேர்த்து எழுதுவார், அது வேண்டும் என்றார்கள். விற்பதற்கா என்று கேட்டேன், தொழில் பழக்கம். பருத்த மனிதர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, என்னம்மா நீ, அந்த ஆள் ஜெயிச்சிருக்காரு என்றார்.

எனக்கு முகம் சுட்டது. அவர் முதுகுக்குப் பின்னால் நின்று அதைப்பற்றி யோசிக்க ஒன்றரை மணி நேரம் கிடைத்தது. நான் இந்த வரிசையில் ஏன் நிற்கிறேன் என்பதற்கு, அவர்கள் எல்லோருக்கும் இருந்த பதில் எனக்கும் இருந்ததா என்று தேடிப் பார்த்தேன். முழுதாக இல்லை. ஓரத்தில் கொஞ்சம் இருந்தது. டிசம்பரில் அதுகூட இல்லை.

கூடாரத்துக்குள் மின்விசிறி சுற்றியது. தலைக்குப் பதினைந்து விநாடி, பேச்சு வேண்டாம் என்று பலகை. கம்பெனிச் சட்டை போட்ட பெண் என் சீட்டைக் கிழித்து வாங்கிக்கொண்டாள். ஆர்லோ புதுக் கோட்டில், வியர்த்து, சின்னவராகத் தெரிந்தார். என்னைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"அடுத்த வருஷம் உன் கடை முன்னால எனக்கு என்ன ரேட்டு?"

"முப்பது," என்றேன்.

"முப்பதா? ஹால்ல இருக்கேம்மா நான்."

"ஹால்ல இருக்கறவங்க தெருவுக்குப் பத்துப் பேரு உக்காந்திருக்காங்க. முப்பத்தஞ்சு, போனாப் போகுது."

"நாப்பது. மத்தியானச் சாப்பாடு உன்னோடது."

"முப்பத்தஞ்சு. சாப்பாடு என்னோடது, டெக்ஸ்டருக்கும் சேத்து நீங்க ரெண்டு பந்து எழுதணும்."

"அவன் இன்னும் எம்மேல கோவமா இருக்கானா?"

"எம்மேல."

கம்பெனிச் சட்டைக்காரி என் முழங்கையைத் தொட்டு, நகருங்க மேடம் என்றாள். பின்னாலிருந்த அம்மாள் தன் பந்தை மேஜைமேல் உருட்டிவிட்டார். நான் வெளியே வந்துவிட்டேன். புல்தரையில் வெயில் கண்ணைக் குத்தியது. நாலைந்து அடி நடந்தபிறகுதான் கையில் இருந்த பந்தைப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லாமல் வெள்ளையாக இருந்தது.

பந்து போகட்டும். முப்பத்தைந்துக்கு அவர் சரி என்று சொன்னாரா? சொல்லவில்லை. டெக்ஸ்டர் பேச்சில் அது அப்படியே நின்றுவிட்டது. திரும்பி வரிசையைப் பார்த்தேன். வேலியைத் தாண்டித் தெருமுனை வரை போயிருந்தது. ஊர்வலத்துக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. இன்னொரு சீட்டு வாங்கிக்கொண்டு கடைசியில் போய் நின்றேன்.